முதுகுவலிப் பொட்டியும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் தொழிலில் ஆளை முகம் பார்த்து அடையாளம் சொல்ல வராது. முதுகைக் காட்டினால்தான் பெயர் ஞாபகம் வரும். கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பேன். அவர் என்னைத் தாண்டி நாலடி போனபிறகு, "அடடே, நீங்களா!" என்று நானே கூப்பிட்டு நிறுத்துவேன். அறுபதுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டருடைய கிளினிக்கில் மின்சார வைத்தியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு சிவப்பு விளக்கு, மெழுகு உருக்குகிற தொட்டி ஒன்று, சதையை வெடுக் வெடுக்கென்று இழுக்கிற கரண்ட் மெஷின் ஒன்று, அப்புறம் நான். அப்பா அம்மா வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. 'கரண்டுக்காரர்' என்றால் சின்னக் குழந்தைகூட வழி காட்டும்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் எங்காவது ஒரு வலி இருக்கும். முதுகில் இல்லாவிட்டால் வயிற்றில். அதாவது, நம்மைவிடச் சின்னவன் ஒருத்தன் புதிதாக வந்து நமக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் அடிவயிற்றில் கிளம்புமே, அந்த எரிச்சல். அந்த வியாதி உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் புண்ணியவான்கள், அவர்களுக்கு என் நமஸ்காரம்.

ஊர் முதுகும் வீட்டு முதுகும்

காஞ்சிபுரத்தில் முதுகுவலிக்குப் பஞ்சமே கிடையாது. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை முன்னால் குனிந்தே உட்கார்ந்திருக்கிற ஜனங்கள். பட்டு அவர்கள் கையில் வளரும், வலி அவர்கள் முதுகில் வளரும். சாயங்காலம் ஆனால் என் அறை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. சிவப்பு விளக்கைக் காட்டி, எண்ணெய் போட்டு நீவி, மெஷினை வைத்துச் சதையைக் குலுக்கி அனுப்புவேன். "கரண்டுக்காரர் கை வெச்சா போதும்பா" என்று அவர்கள் படியிறங்குகிறபோது பேசிக்கொண்டு போவதைக் கேட்க, ஜன்னல் பக்கமாக நான் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதும் உண்டு. மனுஷன்தானே.

என் பெண்டாட்டி கமலாவும் நெசவுக் குடும்பம்தான். கல்யாணமாகி ரெண்டாவது குழந்தை பிறந்த வருஷம், குழாயடியில் குடத்தோடு வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் இடுப்பிலிருந்து இடதுகால் வரைக்கும் ஒரு வலி இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. உட்கார்ந்தால் வலி, நின்றால் வலி, படுத்தால் புரளமுடியாது. நான் பார்க்காத வைத்தியமா? விளக்கு, மெழுகு, மெஷின், ஒத்தடம், எல்லாம். ஊரில் என் கைக்கு அடங்கின வலியெல்லாம் வீட்டில் மட்டும் அடங்கவில்லை. இது வெளியே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயம்பேட்டையிலிருந்து வாராவாரம் வருகிற ஏகாம்பரம் என்ற நெசவாளி ஒருநாள் கட்டிலில் குப்புறப் படுத்தபடியே, தலையைக்கூடத் தூக்காமல் கேட்டார்:

"ஊர்ல இருக்கற முதுகையெல்லாம் நிமுத்திக்கினு இருக்கீங்களே, உங்க வூட்டம்மா மட்டும் ஏண்ணே சுவத்தப் புடிச்சிக்கினு நடக்கறாங்க?"

அலமாரியில் ஒரு தட்டு

எழுபதுகளின் நடுவில் எங்கள் டாக்டருடைய தம்பி அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தார். அவரும் டாக்டர்தான். அங்கே நடக்கிற ஒரு புது வைத்தியத்தைப் பற்றி டீ குடித்துக்கொண்டே சொன்னார். தீராத வலிக்காரர்களுக்கு முதுகெலும்பைத் திறந்து, உள்ளே ஓடுகிற தண்டுவடத்தின்மேல் ஒரு சின்னத் தகடு வைத்து, அதிலிருந்து வயர் இழுத்து, தோலுக்கு அடியில் ஒரு வில்லையை வைத்துத் தைத்துவிடுகிறார்களாம். சட்டைப்பையில் ஒரு பொட்டி இருக்குமாம். அதன் ஏரியலைத் தோலுக்கு மேலே ஒட்டினால், உள்ளே இருக்கிற வில்லை ரேடியோ மாதிரி அதை வாங்கித் தண்டுவடத்துக்குக் கரண்டு கொடுக்குமாம். வலி மூளைக்குப் போகிற வழியிலேயே அந்தக் கரண்டு அதை மறித்து நின்றுவிடுமாம்.

எல்லார் முதுகையும் திறந்துவிட முடியுமா? அதனால் முதலில் தோலுக்கு மேலேயே ஒட்டிப் பார்க்க ஒரு பொட்டி கண்டுபிடித்திருந்தார்கள். அதற்குக் கேட்கிற உடம்பா என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே வைப்பது. ஆனால் சில பேருக்கு மேலே ஒட்டினதே போதுமாக இருந்ததாம். அந்தப் பொட்டி ஒன்றைத் தம்பி அண்ணனுக்காகக் கொண்டுவந்திருந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். ரெண்டு வயர், வயர் முனையில் ரெண்டு கறுப்பு ரப்பர் வில்லை, திருகுவதற்கு ஒரு குமிழ்.

கிளினிக்கில் கரண்டு என்றால் நான்தானே? அன்றைக்கே என் அலமாரியில் மேல் தட்டைக் காலி பண்ணி, பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் விரித்து, சந்தனப் பொட்டுகூட வைத்துவிட்டேன். டாக்டர் அந்தப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என் அறையைத் தாண்டிப் போனார். அடுத்த அறையில் சென்னையிலிருந்து இதே மின்சார வைத்தியத்தில் புதிதாக டிப்ளமா முடித்து வந்திருந்த தாமோதரன் என்கிற பிள்ளையாண்டான் இருந்தான். காது மறைக்கிற கிருதா, தெருவைப் பெருக்குகிற பெல்பாட்டம். அவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வருகிறபோது வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து டாக்டர் அன்பாகத்தான் சொன்னார்:

"நீங்க அந்த சிவப்பு விளக்கப் பாத்துக்கோங்க, அதுவும் ஒருத்தர் பாக்கணுமில்ல?"

கோபுர வாசல்

தாமோதரன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. திமிர் பேசினான் என்று நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். பாவி, காலையில் வந்ததும் "வணக்கம்ணே" என்பான். டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பான். இப்படிப்பட்டவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவனுக்குப் பேச்சும் வரும். பொட்டி எப்படி வேலை செய்கிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்குவான். "கருட சேவை அன்னிக்கி கோபுர வாசல்ல ஒரே கூட்டமா நெரிஞ்சிக்கினு நிக்கிறாங்க. அப்போ பின்னாடி ஒரு முரட்டு ஆளு வந்தா உள்ள நொழைய முடியுமா? முடியாதில்ல? இந்தக் கரண்டு அந்தக் கூட்டம், உங்க வலி அந்த முரட்டு ஆளு." கேட்டவர்கள் ஆகா என்பார்கள். பத்து வருஷமாக நான் 'ரத்த ஓட்டம்' என்ற ஒரே வார்த்தையை வைத்துக் காலம் தள்ளினவன். சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, இந்த உதாரணம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பற்றிக்கொண்டு வந்தது. நானும் வருஷாவருஷம் அந்த வாசலில் இடிபட்டவன்தானே!

அமெரிக்காவில் முதுகுக்குள்ளேயே வைக்கிற ரேடியோ சமாசாரத்தையும் ஒருநாள் சொன்னான். திருப்புட்குழியிலிருந்து வந்த ஒரு விவசாயி, நிலத்தில் ஏர் ஓட்டி இடுப்பு போனவர், ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி ஒன்றையும் விடாதவர், வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சந்தேகம் கேட்டார்:

"அப்போ சாயங்காலத்துல முதுகுல 'வயலும் வாழ்வும்' கேக்குமாபா?"

முதலாளி வீட்டுச் சரிகை

நம்ம ஏகாம்பரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். என் பெண்டாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதைச் சொன்ன மகானுபாவர். அவர்தான் என் கட்டிலிலிருந்து அடுத்த அறைக்கு முதலில் கட்சி மாறினவர். முதல் தடவை பொட்டியை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தவர், "ஜிவ்வுனு இருக்குதுணே, ஜோரா இருக்குது" என்று என்னிடமே சொன்னார். நான் சிரித்தேன். சிரித்த பல்லைக் கடித்தேன்.

நாலைந்து தடவை வந்து பழகினவர்கள் திரைக்குப் பின்னால் போய்ப் பொட்டியைத் தாங்களே ஒட்டிக்கொள்ளலாம் என்று தாமோதரன் விட்டிருந்தான். ஒருநாள் ஏகாம்பரம் போய் ஒட்டிக்கொண்டு, "ஒண்ணும் தெரியலியே" என்று குரல் கொடுத்தார். தாமோதரன் குமிழைக் கொஞ்சம் திருகச் சொன்னான். "ஊஹும்." இன்னும் கொஞ்சம். "ஊஹும்." கடைசி வரைக்கும் திருகியாயிற்று. பழைய வலி அப்படியே இருக்கிறது, ஜிவ்வும் இல்லை, ஜோரும் இல்லை. தாமோதரனுக்கு முகம் வெளிறிவிட்டது. பொட்டி செத்துவிட்டது என்று செய்தி கிளினிக் முழுக்கப் பரவியது. எனக்கு உள்ளுக்குள் கோயில் மேளம் கொட்டியது. வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, "வெளிநாட்டுச் சாமான், நம்ம ஊரு உப்புத் தண்ணிக்குத் தாங்காது தம்பி" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, என் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் தாமோதரன் திரைக்குள்ளே போய் அவர் பனியனைத் தூக்கிப் பார்த்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தண்டுவடத்தின்மேல் ஒரு கற்றை சரிகை! அமெரிக்காவில் முதுகுக்குள்ளே கம்பி வைக்கிறார்கள் என்று கேட்டவர், நம்மிடம் இல்லாத கம்பியா என்று நினைத்துவிட்டார். அசல் சரிகை என்பது வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பட்டு நூலில் சுற்றித் தங்க முலாம் பூசினதுதானே. தறியில் போட முதலாளி கொடுத்திருந்த சரிகையில் கொஞ்சம் எடுத்து, முறுக்கி, முதுகில் வைத்து ஒட்டுப்போட்டு, அதன் மேலேயே ரெண்டு ரப்பர் வில்லையையும் ஒட்டியிருக்கிறார். ஒரு வில்லையிலிருந்து கிளம்பின கரண்டு, உடம்புக்குள் இறங்காமல் சரிகை வழியாகவே அடுத்த வில்லைக்கு ஓடிவிட்டது. சரிகையை உருவினதும் பொட்டி பழையபடி ஜிவ்வென்றது. என் மேளம் அத்தோடு நின்றது. ஏகாம்பரம் சரிகையை ஜாக்கிரதையாகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மொதலாளி வூட்டுச் சரிகை ஆச்சேபா, நமக்கு வந்த கரண்டக்கூட வழியிலியே அதுவே சாப்ட்டுடுச்சி!"

மடிசஞ்சி வாத்தியார்

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வருவார். வைஷ்ணவர், ஆசாரம் ஜாஸ்தி. என் கட்டிலில் படுப்பதற்கே தன் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து விரித்துக்கொள்கிறவர். இவரை டாக்டர் பொட்டிக்கு அனுப்பினபோது நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். ஊரார் முதுகிலெல்லாம் ஒட்டின ரப்பரை இவர் தொடுவாரா? சண்டை நிச்சயம். பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவது என்று இருந்தேன்.

எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தார். "இந்தக் கொழகொழன்னு பூசறயே, அது எதுல பண்ணினது? மிருகக் கொழுப்பா? யார் யார் மேல ஒட்டினது இது?" தாமோதரன் கொஞ்சமும் அசரவில்லை. "ஸ்வாமி, உங்க சொம்புத் தீர்த்தத்துல உப்புப் போட்டு, உங்க வேஷ்டித் துணியையே நனைச்சு, அதுக்கு மேல வெக்கறேன். ரப்பர் உங்க மேல படவே படாது" என்றான். படுபாவி, வேலையும் அப்படியே நடந்தது! கரண்டுக்கு ஈரம் இருந்தால் போதும், அது எந்த வீட்டு ஈரம் என்று அதற்கென்ன? முக்கால் மணி நேரம் கழித்து வாத்தியார் எழுந்து, மேல்துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். சும்மா இருக்கமுடியாமல், "வலி போயிடுச்சா ஸ்வாமி?" என்று கேட்டேன்.

"போகலை, இருக்கு, ஆனா வாய மூடிண்டு இருக்கு, எங்காத்துல அந்த மாதிரி ஒருத்தர்கூட இருந்ததில்லை!"

கரண்டு போனபோது

அந்தக் காலத்து மின்வெட்டைப் பற்றிப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சொல்லாமல் போகும், சொன்ன நேரத்துக்கு வராது. என் விளக்கு அணையும், மெஷின் ஊமையாகும், தொட்டியில் மெழுகு இறுகிக் கல்லாகும். கட்டிலில் படுத்திருப்பவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அதாவது நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்திருப்போம். அடுத்த அறையில் மட்டும் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பொட்டி பாட்டரியில் ஓடுவது. ஊரே இருண்டாலும் அதற்குக் கவலையில்லை.

என்னிடம் ஆரம்ப காலத்திலிருந்து வருகிற ஒரு பூக்கட்டுகிற அம்மாள் உண்டு. கோயில் வாசலில் கடை. "யார் எங்க போனாலும் நான் உன்ன வுட்டுப் போவமாட்டேன் தம்பி" என்று எனக்குத் தைரியம் சொன்னதே அவர்தான். ஒருநாள் அவர் முதுகில் விளக்கு பட்டு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்டு போய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து ரவிக்கையைச் சரிபண்ணிக்கொண்டு, எனக்கு மனசு நோகக்கூடாதே என்ற பரிவோடு சொன்னார்:

"நீ வெளக்கு வந்தா ஒரு கொரல் குடு தம்பி, அதுவரைக்கும் சும்மாதான இருக்கறேன், பக்கத்துல போயி ஒட்டிக்கினு வந்துடறேன்."

என் ஒரு ஜெயம்

ஜெயித்ததையும் சொல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். வைகாசியில் பெருமாள் புறப்பாடு முடிந்த மறுநாள், வாகனம் தூக்கின ஆட்கள் தோள் வீங்கி வருவார்கள். அவர்களில் ஒரு வாட்டசாட்டமான ஆள் நேரே பொட்டிக்குத்தான் போனார். அஞ்சே நிமிஷம். வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு என் அறைக்குள் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். எண்ணெயைச் சூடு பண்ணி, நன்றாக அழுத்தி நீவிவிட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நீவினேன். அவர் சுகத்தில் போட்ட முனகல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். தாமோதரன் காதில் விழாமலா இருக்கும்? பொட்டி என்ன ஆயிற்று என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்.

"பெருமாள் பாரத்தயே தாங்கிட்டேண்ணே, முதுகுல அந்த எறும்பு ஊர்றதத் தாங்க முடியல."

திரைக்கு இந்தப்பக்கம்

டாக்டர் ரெண்டு மூன்று தடவை ஜாடையாகச் சொல்லிவிட்டார். வருஷக்கணக்கான வலிக்குத்தானே அந்தப் பொட்டி, உங்கள் வீட்டிலும் ஒருதடவை பார்க்கலாமே என்று. நான் "பார்க்கலாம் சார்" என்பேன். கடைசியில் கமலாவே கேட்டுவிட்டாள். ஏகாம்பரத்தோடு ஊருக்கு வந்திருந்த அவர் பெண்டாட்டி வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறாள். "நம்ம கிளினிக்லியே ஒரு பொட்டி இருக்குதாமே, நீங்க சொல்லவேயில்லியே?" என்றாள். "அதெல்லாம் உனக்கு ஒத்துக்காது" என்று ஒரு சத்தம் போட்டேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அந்த நடையைப் பின்னாலிருந்து பார்த்தேன். முதுகு பார்த்துப் பழகினவன் இல்லையா, மறுநாள் காலையிலேயே ரிக்‌ஷா கூப்பிட்டுவிட்டேன்.

தாமோதரன் எழுந்து நின்று, "வாங்கண்ணி" என்றான். திரையை இழுத்துவிட்டு அவன் வெளியே நின்றுகொண்டான். "அண்ணே, அண்ணியத் தொட்டு ஒட்டறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்குது, நீங்களே ஒட்டுங்க, நான் சொல்றேன்" என்றான். இந்தப் பையன் என்னை மரியாதையாலேயே கொன்றுவிடுவான்! திரைக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நானும் கமலாவும். "நோவு எங்க ஆரம்பிக்குதுன்னு கேளுங்கண்ணே. அதுக்கு ரெண்டு வெரக்கடை மேல ஒண்ணு. கால் பக்கம் ஒண்ணு. இப்போ குமிழைத் திருகுங்க. மெள்ள. மெள்ளண்ணே." பத்து வருஷம் கரண்டுக்காரன் என்று பெயர் வாங்கினவன், ஒரு பையன் சொல்லச்சொல்ல ரெண்டு ரப்பரை ஒட்டினேன். அப்போது என் நிலைமை என்னவென்றால், பலிக்க வேண்டுமே என்று ஒரு மனசு, பலித்துத் தொலைத்துவிடப் போகிறதே என்று ஒரு மனசு. ரெண்டும் என் மனசுதான்.

கமலா கண்ணை மூடிக்கொண்டாள். "எறும்பு ஊருதா?" என்று ஆசையோடு கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.  அப்புறம் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த கையை விட்டாள். படுத்தபடியே ஒருக்களித்துப் புரண்டாள். அவள் முகம் சுளிக்காமல் புரண்டு நான் பார்த்து வருஷங்கள் ஆயிற்று. குமிழிலிருந்து கையை எடுக்கவும் மறந்துபோனேன். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று கேட்காதீர்கள், எல்லாம் கலந்துதான் வந்தது. "எப்படிம்மா இருக்குது?" என்றேன். வீட்டில் ஒவ்வொரு ராத்திரியும் நான் நீவிவிட்டுக் கேட்பதும் இதே கேள்விதான். அவளும் ஒவ்வொரு ராத்திரியும் "தேவலாங்க" என்றுதான் சொல்லுவாள். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நிம்மதியாகத் தூங்கப் போவேன். இன்றைக்கு, கண்ணில் தண்ணீர் வழிய, என் கையைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு வெளியே கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்:

"இத்தினி வருசமா உங்க மனசு நோவக்கூடாதுன்னு தேவலாம் தேவலாம்னு சொல்லிக்கினு இருந்துட்டேங்க, இன்னிக்கி நெசமாவே தேவலாம், அதச் சொல்றதுக்கு இப்போ எங்கிட்ட வேற வார்த்த இல்லியே."

இடுப்பில் ஒரு சக்களத்தி

அவள் உடம்பு பொட்டிக்கு நன்றாகக் கேட்கிறது, சென்னையில் யாராவது அந்த ஆபரேஷனை ஆரம்பித்தால் உள்ளேயே வைத்துவிடலாம் என்று டாக்டர் உற்சாகமாகச் சொன்னார். கமலா கும்பிட்டுவிட்டாள். "மேல ஒட்டினதே போதும் டாக்டரய்யா, முதுகத் தொறக்கறதெல்லாம் வேணாம்" என்றாள். டாக்டர் தன் தம்பிக்குச் சொல்லி இன்னொரு பொட்டி வரவழைத்து, வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கொடுத்தார். புடவைக் கொசுவத்துக்குப் பக்கத்தில் அதைச் செருகிக்கொண்டு, பழையபடி ராட்டினத்துக்கு முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். சமையலில் உப்பு சரியாக இருந்தது. பக்கத்து வீட்டோடு சண்டைகூடப் போட்டாள். வீடு வீடாக ஆயிற்று.

வலி அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் தலைகாட்டும். ஆனால் அப்போதும் என்னைக் கூப்பிடமாட்டாள், குமிழைத்தான் கொஞ்சம் திருகிக்கொள்வாள். ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போனால், "உங்களுக்கு ஏங்க செரமம், நாள் பூரா ஊரு முதுகைப் புடிச்சிட்டு வந்துருக்கீங்க, படுங்க" என்பாள். அன்பாகத்தான் சொல்கிறாள், தெரிகிறது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தால், அவள் இடுப்பிலிருந்து அந்தப் பொட்டியின் சின்ன விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டும். தாமோதரன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு வடை பாயசத்தோடு இலை போட்டோம். அந்தச் சோப்பு டப்பாவைத்தான் என்னால் சகிக்கமுடியவில்லை.

அதுவோ பேய்ப்பசிக்காரப் பொட்டி. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடுகிற பாட்டரிதான் அதற்கும் ஆகாரம், அடிக்கடி தீர்ந்துபோகும். விளக்கு மங்கினால் கமலா முகமும் மங்கும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ராஜவீதியில் இருக்கிற ரேடியோ கடைக்கு ஓடுவேன். இப்படி நான் போய் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருநாள் பாட்டரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்:

"இன்னாண்ணே, வூட்ல அண்ணி எந்நேரமும் பாட்டு கேட்டுக்கினே இருக்கறாங்களா?"

ஆள்மேல் பொறாமை என்றால் அவனோடு பேச்சை நிறுத்தியாவது பழிதீர்த்துக்கொள்ளலாம். ஒரு பொட்டிமேல் பொறாமைப்பட்டவன், அது நின்றுவிடாமல் இருக்கப் பாட்டரியையும் தானேதான் சைக்கிள் மிதித்துப் போய் வாங்கிவர வேண்டியிருக்கிறது.